ஒண்ணும் உரியலையே

தலையாட்டாதீங்கக்கா. நர்ஸ் சொன்னதும் தலையாட்டிட்டு, மருந்தை வாங்கிட்டுக் கிளம்பிடறதா? வண்டி நிக்கட்டும், டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அஞ்சு நிமிஷம் உக்காருங்க, ஒண்ணு சொல்றேன்.

இது நான் கண்ணால பாத்தது இல்ல, காதால கேட்டதுதான். ஆம்புலன்ஸ்ல போன நர்ஸ் எங்க கேன்டீன்ல வந்து சொன்னாங்க. கூடக்குறைய இருக்கலாம்.

ஒரு தச்சர். அவர் சம்சாரத்துக்கு உங்க அம்மா மாதிரியே எலும்பு வலி, பொட்டுத் தூக்கம் கிடையாது. இதே பிளாஸ்திரியைத்தான் குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆமா, பாக்க புண்ணுக்குப் போடுறது மாதிரிதான் இருக்கும். ஆனா இதுலயே மருந்து இருக்கு, தோல் வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும். மூணு நாளைக்கு ஒண்ணு ஒட்டுங்க, புரிஞ்சுதான்னு நர்ஸ் கேட்டிருக்காங்க. அவரும் தலையாட்டியிருக்கார்.

எங்க அம்மாவும் இப்படித்தான். டாக்டர் சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, வெளிய வந்ததும் என் கையைப் புடிச்சு, அந்த ஆளு என்னடி சொன்னாருன்னு கேக்கும். வீட்டுல முதல்ல படிச்சவ நான்தான், பாருங்க.

தச்சருக்கு ஒட்டுறதுக்குச் சொல்லியா குடுக்கணும்? தோலைத் தொடச்சு, காயவிட்டு, உள்ளங்கையால அமுக்கி, நூல் புடிச்ச மாதிரி ஒட்டுவாராம். காதுல சொருகின பென்சிலை எடுத்து அதுமேலயே தேதி போடுவாராம். மூணு நாள் ஆனா பக்கத்துல இன்னொண்ணு.

பழசையா? அதான்க்கா. பழசை எடுக்கணும்னு யாரும் அவர்கிட்ட சொல்லல. ஒட்டினதை உரிக்கறவரா தச்சர்?

அந்தம்மா தூங்க ஆரம்பிச்சாங்க. அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்குப் போயி, டிவியைக் கொஞ்சம் மெதுவா வைங்க, அவ தூங்கறான்னு சொல்லிட்டு வந்தாராம். போகப்போகச் சாப்பிடக்கூட எழுப்பல. பாவம், தூங்கட்டுமேன்னு.

பதிமூணாம் நாள் அஞ்சாவதை ஒட்டினார். சாயந்திரம் எழுப்பினா, எந்திரிக்கல. ஆம்புலன்ஸ் நர்ஸ் போயிப் புரட்டிப் பாத்தா முதுகுல அஞ்சும் வரிசையா இருக்கு. ஒரு ஓரம்கூட தூக்கிக்கலையாம். உசுரு எப்பவோ போயிடுச்சு. அவர் பின்னாடி நின்னு எட்டிப் பாத்து, என்னம்மா, ஒண்ணும் உரியலையேன்னு கேட்டாராம்.

இப்ப நீங்க சொல்லுங்க. நான் நர்ஸ் இல்ல, வீட்டுல இருக்கற உங்க தங்கச்சின்னு வெச்சுக்கங்க. எனக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க? ம்... முதல்ல பழசை உரிச்சு, ரெண்டா மடிச்சு... சரி. அப்புறம் புதுசு, வேற இடத்துல. அம்மா ரொம்பத் தூங்கினா, எழுப்பி எந்திரிக்கலைன்னா? ஆமா, புதுசை ஒட்டக்கூடாது, இருக்கறதையும் உரிச்சுப் போட்டுட்டு உடனே ஆம்புலன்ஸுக்கு போன். அவ்வளவுதான். நல்லாச் சொன்னீங்க.

யாரு, தச்சருக்குச் சொல்லிக் குடுத்த நர்ஸா? கேன்டீன்ல நானும் அதைத்தான் கேட்டேன், எந்தப் புண்ணியவதி அதுன்னு. தலையில வேற அடிச்சுக்கிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. ஒரு மாசம் கழிச்சு ரெக்கார்டு ரூமுக்குப் போயி அந்தம்மா ஃபைலை எடுத்துப் பாத்தேன். மருந்து பத்தி விளக்கியாச்சுன்னு ஒரு கட்டம் இருக்கும், உங்க பேப்பர்லயும் இருக்கு பாருங்க, இங்க. அதுல டிக் அடிச்சிருந்துச்சு. மணி ஒண்ணு பத்து, நாங்க சாப்பிடப் போற நேரம். எவ்வளவு யோசிச்சாலும் அவர் முகம் எனக்கு ஞாபகம் வரலக்கா. கையெழுத்து என்னோடது.