பாறையைப் பார்த்து

பொறுமையின் உருவமாய் நடுவே வீற்றிருந்து, சண்டை முற்றும்போதெல்லாம் தேநீர் வரவழைத்து நம்மைக் காப்பாற்றும் அவைத்தலைவர் அவர்களே! மேலாற்றுச் சங்கத்தின் மூத்தோர்களே, கீழாற்றுச் சங்கத்தின் பெரியோர்களே! இந்த வரிசையை யார் முன்னே யார் பின்னே என்று பார்த்துக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே மூச்சில்தான் சொன்னேன். நுரை பொங்கும் ஆற்றில் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களே! அவர்களை ஆற்றுக்கு அனுப்பிவிட்டு அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அரங்கத்தின் நட்டநடுவில், யாரோ ஒரு பொறியாளர் யார்மீதோ இருந்த கோபத்தில் எழுப்பிவிட்டுப் போன இந்தத் தூணுக்குப் பின்னால், கழுத்தை வளைத்து வளைத்து என்னைத் தேடும் நண்பர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கயாக் என்னும் அந்த ஒல்லிப் படகில் நான் உட்கார்ந்ததே இல்லை. வாளிக்கு மேல் தண்ணீரைக் கண்டால் இரண்டடி பின்வாங்கிவிடுவேன். பிறகு உனக்கு இந்த மேடையில் என்ன வேலை என்கிறீர்களா? படகுப் பயிற்றுநர்களுக்கு நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழ் வேண்டும் என்று ஒரு குழு அமைத்தார்கள் அல்லவா, அந்தக் குழுவின் பாடத்திட்டத்தில் பிழை திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். விட்டுப்போன ஒற்றெழுத்துகளை எல்லாம் தேடிப் பிடித்து உட்காரவைத்தேன். ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்த விடமாட்டோம் என்கிறார்கள். நீங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன் அதைச் சொல்லித் தொலைக்கத்தான் வந்திருக்கிறேன்.

குழு உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அடேயப்பா, என்ன உழைப்பு! சான்றிதழின் மேலே ஒரு சின்னம். சின்னத்தில் ஒரு படகு. அந்தப் படகு இடப்பக்கம் பார்க்க வேண்டுமா, வலப்பக்கம் பார்க்க வேண்டுமா? காலையில் தொடங்கிய வாதம் சாயங்காலம் வரை ஓடியது. இடப்பக்கம் பார்த்தால் படகு பின்வாங்குவதுபோல் இருக்கிறதாம். வலப்பக்கம் பார்த்தால் ஓடிப்போவதுபோல் இருக்கிறதாம். கடைசியில் படகை நேராக நம்மைப் பார்த்து வரும்படி வரைந்துவிட்டார்கள். இப்போது அது படகா, பூசணி விதையா என்று தெரியவில்லை. சிரிக்காதீர்கள். நானும் கைதூக்கித்தான் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குப் போக வேண்டாமா?

சின்னத்துக்கு ஒரு நாள் கொடுத்த குழு, உயிருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது? ஒரு தேநீர் ஆறும் நேரம்.

என்ன விஷயம் என்று விளக்கிவிடுகிறேன். ஆற்றில் பயிற்றுநர் முன்னே போவார். மாணவர் பின்னே வருவார். தண்ணீர் இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்காது. ஆகவே பயிற்றுநர் துடுப்பைத் தூக்கிக் காட்டுவார். மேலாற்றில் துடுப்பு எதைக் காட்டும்? ஆபத்தை. ‘அங்கே பாறை இருக்கிறது, விலகு’ என்று பொருள். கீழாற்றில் துடுப்பு எதைக் காட்டும்? வழியை. ‘அங்கே தண்ணீர் நல்லது, அந்தப் பக்கம் வா’ என்று பொருள். ஒரே ஆறு, ஒரே துடுப்பு, ஒரே அசைவு. பொருள் மட்டும் நேர் எதிர்!

அதோடு விட்டதா? இரண்டு சங்கத்திலும் துடுப்போடு ஒரு சொல்லும் கூடவே பாயும். ‘பார்த்து!’ தாய்மார்களே, இந்தச் சொல் உங்களுடையது. பிள்ளை படியிறங்கினால் ‘பாத்து, பாத்து’. பால் பொங்கினால் ‘பாத்து’. தெருவைக் கடந்தால் ‘பாத்துடா கண்ணு’. அன்புக்கு அவ்வளவு அருகில் இருக்கும் சொல் அது. ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். வண்டிக்காரரிடம் ‘நேரா அந்த மரத்தப் பாத்து விடுங்க’ என்றால் என்ன செய்வார்? மரத்தை விட்டு விலகியா ஓட்டுவார்? மரத்தை நோக்கித்தானே விடுவார்! ஜாக்கிரதை என்பதும் ‘பார்த்து’. அதை நோக்கி என்பதும் ‘பார்த்து’. அடுக்களையில் இதனால் யாருக்கும் கேடில்லை. ஆற்றில்?

ஆற்றில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

என் இளைய மகள் மேலாற்றுச் சங்கத்தில் பயிற்றுநர். அவளிடம் ஒரு மருந்துக்கடைக்கார அம்மா கற்றுக்கொள்ள வந்தார். வயது எனக்குக் கொஞ்சம்தான் கீழே. துணிச்சல் எனக்கு எவ்வளவோ மேலே. முதல் பாடங்களை எல்லாம் அவர் கீழாற்றுச் சங்கத்தில் படித்தவர். அன்று என் மகள் முன்னே போகிறாள். திருப்பத்தில் ஒரு பெரிய பாறை. துடுப்பைப் பாறைப் பக்கம் நீட்டி, தொண்டை கிழியக் கத்துகிறாள்: “பாறயப் பாத்து!”

அந்த அம்மா நல்ல மாணவி. பாவம், மிக மிக நல்ல மாணவி. துடுப்பு காட்டிய திசையில், சொன்ன சொல் மாறாமல், பாறையைப் பார்த்து நேரே விட்டார்.

படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. வெள்ளம் அதைப் பாறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. உள்ளே அவர், தலைகீழாக. என் மகள் எதிர்நீரில் துழாவிப் போய் இழுத்து வெளியே எடுத்தாள். உயிர் பிழைத்தது. இடது தோள் பிழைக்கவில்லை.

மருத்துவமனைக்கு நானும் போயிருந்தேன். கட்டுப்போட்ட தோளோடு அவர் சாய்ந்திருக்கிறார். காலடியில் நின்று என் மகள் அழுகிறாள்.

“நான் பாத்துப் போங்கன்னுதானம்மா சொன்னேன்!”

“நானும் பாத்துத்தானடி போனேன்!”

“அய்யோ, பாறை இருக்கு, பாத்துன்னு சொன்னேம்மா.”

“அதத்தான் நானும் சொல்றேன். பாறயக் காட்டுன, பாறயப் பாத்துன்ன, போனேன். நீ டீச்சரு, நான் எதுத்துப் பேச முடியுமா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தால் தோள் வலிக்கிறது. வலித்தால் திட்டுகிறார். திட்டிவிட்டு மறுபடி சிரிக்கிறார். நான் வெளியே நடைபாதையில் போய் நின்றுகொண்டேன். ஐயா, ஆயுள் முழுவதும் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கைதட்டவைத்தவள். அந்த இரண்டாவது பொருள் ஒரு தோள்பட்டையை உடைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இதைக் குழுவில் எடுத்துவைத்தேன். உடனே என்ன நடந்தது என்கிறீர்கள்?

மேலாற்றுச் செயலாளர் எழுந்தார்: “எங்க ஆளுங்க எந்தக் காலத்துலேருந்தோ பாறயத்தான் காட்டுறாங்க. கல்லு இருக்குன்னு சொல்லாம கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு பயிற்சியா?”

கீழாற்றுச் செயலாளர் எழுந்தார்: “நாங்க வழியக் காட்டுறோம் சார். நீங்க கல்லக் காட்டிப் பயமுறுத்துறீங்க.”

“பயந்தவன் பொழைப்பான்!”

“பயந்தவன் ஏன் சார் ஆத்துக்கு வரான்?”

அவைத்தலைவர் வழக்கம்போலத் தேநீருக்குச் சொன்னார். தேநீர் ஆறுவதற்குள் தீர்மானம் தயார்: “சைகைகளும் சொற்களும் அந்தந்தச் சங்கத்தின் வழக்கப்படி.” அதாவது இரண்டும் இருக்கட்டும். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.

நான் கேட்டேன்: “ஏங்க, மேலாத்துல சான்றிதழ் வாங்கினவங்க கீழாத்துல போய்ச் சொல்லிக்கொடுத்தா?”

“கரையில நிக்கும்போதே கேட்டுக்கட்டும் டீச்சர், இங்க எந்த வழக்கம்னு.”

“தண்ணிக்குள்ள போனப்புறம் மறந்துட்டா?”

“அதெல்லாம் பாக்கலாம் டீச்சர்.”

பார்க்கலாம்! கேட்டீர்களா? ஆற்றில் ‘பார்த்து’, குழுவில் ‘பார்க்கலாம்’. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், அனுபவத்தில் பார்க்கலாம், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம். எதைப் பார்க்கப் போகிறீர்கள்? இன்னொரு தோளையா? கவிழ்ந்த படகுக்குள் இன்னொரு முகத்தையா? இருக்கிற குழப்பத்தை அப்படியே எடுத்து, அதன்மேல் முத்திரை குத்தி, நாடு முழுவதும் அனுப்புவதற்கா தேசியச் சான்றிதழ்? இத்தனை நாள் இங்கே ஒருவர் அங்கே ஒருவர் என்று மோதினார்கள். இனிமேல் அரசு அங்கீகாரத்தோடு மோதுவார்கள். வேறென்ன லாபம்?

என்ன? தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள்: “அப்ப யாரு சொன்னது தப்பு டீச்சர்?” நல்ல கேள்வி. ஒளிந்துகொண்டு கேட்டாலும் நல்ல கேள்விதான். மேலாறு சொல்வதும் சரி. கீழாறு சொல்வதும் சரி. இரண்டும் சரி ஐயா, இரண்டு இருப்பதுதான் தவறு!

என் வீட்டுப் பால்கனியில் சுவரோடு சாத்திவைத்த கயாக் ஒன்று இருக்கிறது. இப்போது அதன்மேல் துணி காய்கிறது. என் மகள் அதைத் தொடுவதில்லை. நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுக்கிறாள். “ஒரே பேச்சு, ஒரே சைகைன்னு முடிவாகட்டும்மா. அதுவரைக்கும் இன்னொருத்தரப் பின்னாடி வச்சுக்கிட்டு நான் ஆத்துல எறங்க மாட்டேன்” என்கிறாள். நான் கேட்டேன்: “சரி, எதடி வைக்கலாம்? உங்க சங்கத்துதா, அவங்களுதா?” தன் சங்கத்துக்காகப் பேசுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொன்னாள்: “கண்ணு போற பக்கம்தாம்மா படகு போகும். கல்லக் காட்டினா கண்ணு கல்லுக்குப் போயிடுது. அப்புறம் கைய என்ன திருப்பினாலும் படகு அங்கதான் போகுது. துடுப்பு வழியத்தான் காட்டணும். அதுல அவங்கதான் சரி.”

“அப்ப அவங்க சொல்றபடியே வச்சுடலாமா?”

“துடுப்பு அவங்களுதே இருக்கட்டும். ஆனா அந்த ‘பாத்து’ மட்டும் யாருக்கும் வேணாம்மா. ரெண்டு பேரும் அத விட்டுடணும்.”

இதுதான் நான் முன்மொழியும் திருத்தம். துடுப்பு வழியைக் காட்டும். நாடு முழுவதும், எந்த ஆற்றிலும், வழியை மட்டுமே காட்டும். ‘பார்த்து’ என்ற சொல் தண்ணீருக்குள் கூடாது. ‘இங்க வா’ என்று சொல்லுங்கள், போதும். மேலாறு தன் சைகையை விட்டுக்கொடுக்கட்டும். அந்தச் சொல்லை இரண்டு சங்கமும் விட்டுக்கொடுக்கட்டும். என்னைக் கேட்டால், அதிகம் விட்டுக்கொடுப்பவள் நான்தான். பிள்ளைகளுக்குச் சொல் சொல்லாகச் சேர்த்துக் கொடுத்தவள், ஒரு நல்ல சொல்லைக் கரையிலேயே இறக்கிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

“பழக்கத்த எப்படி டீச்சர் மாத்துறது?” மேலாற்றுச் செயலாளர்தானே கேட்பது? உட்காராதீர்கள் ஐயா, அப்படியே நில்லுங்கள். ஒரு சின்னச் சோதனை. அவையோரே, எல்லாரும் கையைத் தூக்குங்கள். இப்போதே இந்த அரங்கில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்தில் உங்கள் குழந்தை. நடுவில் இந்தப் பாழாய்ப்போன தூண். எங்கே போக வேண்டும் என்று குழந்தைக்குக் கைகாட்டுங்கள். உம், சீக்கிரம்!

ஆகா! கையை இறக்காதீர்கள். அப்படியே சுற்றிப் பாருங்கள். இத்தனை கைகளில் ஒரு கையாவது தூணைக் காட்டுகிறதா? எல்லாம் வாசலைக் காட்டுகின்றன! செயலாளர் ஐயா, உங்கள் கை எங்கே காட்டுகிறது? சிரித்து மழுப்பாதீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள். “வாசல.” கேட்டதா அவைக்கு? யார் கற்றுக்கொடுத்தார்கள் உங்களுக்கு? ஒருவரும் இல்லை. நம் பிள்ளை என்று வந்துவிட்டால் நம் கை தானாகவே வழியைத்தான் காட்டுகிறது.

மூன்றாம் வரிசையின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு கை முழுவதும் எழவில்லை. மார்புக்கு மேலே வர மறுக்கிறது. அதுவும் வாசலைத்தான் காட்டுகிறது. வலது கை சும்மாதானே இருக்கிறது, அம்மா? வேண்டுமென்றே அந்தக் கையைத் தூக்குகிறீர்கள், எனக்குத் தெரியாதா! மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு, பாதித் தோளோடு இந்த ஓட்டுக்காக வந்திருக்கிறார். பின்னால் கதவோரம் அவர் பார்வையில் படாமல் நிற்கிறாள் என் மகள். சற்று நேரத்தில் இதே கைகளைத்தான் தீர்மானத்துக்காகத் தூக்கப்போகிறீர்கள். வழக்கப்படி தூக்காதீர்கள். இப்போது தூக்கினீர்களே, அப்படியே தூக்குங்கள். பால்கனியில் காய்கிற துணியை எடுக்க நான் காத்திருக்கிறேன்.

என் எரிச்சலை இவ்வளவு நேரம் இருக்கை போட்டு உட்காரவைத்துக் கேட்ட உங்கள் எல்லாருக்கும், இன்னும் தேநீருக்குச் சொல்லாத அவைத்தலைவருக்கும் என் நன்றி. கூட்டம் முடிந்து போகும்போது தூண் இருக்கிறது, பாத்...

பாருங்கள், வாயில் வந்துவிட்டது.

வாசல் இந்தப் பக்கம். இங்கே வாருங்கள். வணக்கம்.