கஜபதியின் காதுக்கு ஒரு வரம்பு

கிருஷ்ணப்பிரியா மேடம், விளக்கம் எழுதித் தரச் சொன்னதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. மத்தியானத்தில் நம் கிளினிக்கில் கூட்டம் இருக்காது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கஜபதி பாரிவாக்கத்துக்காரர். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, இயர்போனைத் தவிர. வண்டியிலும் மாட்டியிருப்பார், சாப்பிடும்போதும் மாட்டியிருப்பார். ரசம் ஊற்றட்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, நாலாவது தடவை தோளைத் தட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பாட்டு எனக்கே கேட்கும். காது டெஸ்ட் எடுப்பதையே வேலையாக வைத்திருப்பவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சொல்லிப் பார்த்தேன். "இன்னா வடிவு, பாட்டு கேட்டா காது பூடுமா? போவியா" என்று சிரித்தார்.

போனில் சத்தத்துக்கு வரம்பு வைக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போன நேரத்தில் நூற்றுக்கு எண்பதில் வைத்து, நாலு நம்பர் போட்டுப் பூட்டினேன். அது சித்திரை மாதம். அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் தெரிந்துவிடும். ஆடி பிறப்பதற்குள் முப்பதுக்கு வந்துவிட்டோம்.

"வடிவு, புது இயர்போன் வாங்கியும் சத்தமே வர்ல" என்றார்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றேன். அது பொய்யில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கொஞ்சம் மெதுவாகப் பேசினேன். டிவியையும் குறைத்து வைத்தேன். நான் வாய் திறந்தால் அவர் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. உதட்டைத்தான் பார்த்திருப்பார் என்பீர்கள். உதடும் முகத்தில்தானே இருக்கிறது.

டெஸ்ட் எடுக்கச் சொல்லி அவரேதான் கேட்டார். இங்கே, இதே அறையில், ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டு காதிலும் நல்ல குறை இருப்பதாகப் புள்ளி வைத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டர் என்மேல் நம்பிக்கை உள்ளவர், கையெழுத்துப் போட்டார். காது மெஷினை நான்தான் செட் பண்ணினேன். ரிப்போர்ட்டில் இருந்த குறைக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு. வேலையில் நான் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

முதல் நாள் குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தலை வெடிக்கிற மாரி கீது வடிவு."

"போகப் போகப் பழகிடும்" என்றேன். பழகியது.

மெஷின் வந்தபின் இயர்போனைத் தொடவில்லை. காது சரியில்லாதவன் ஆளை ஏற்றக் கூடாது என்று ஆட்டோவைத் தன் தம்பி தேவாவிடம் கொடுத்துவிட்டார். நான் கேட்கவேயில்லை, அவராகவே கொடுத்தார். இரண்டு வருஷம் சாயங்காலத்தில் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பேசினோம். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

போன மாதம் தேவா தன் அண்ணனின் போனில் வீடியோ பார்க்கப் போய், பூட்டைக் கண்டுபிடித்து, அவரை உங்களிடம் கூட்டி வந்தது உங்களுக்குத் தெரியும்.

முதல் டெஸ்டில் உண்மையில் என்ன வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு அவர், சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்ன பட்டனை ஒன்று விடாமல் அழுத்தினார், மேடம். டெஸ்ட் மெஷினில் இருக்கும் மிக மெல்லிய சத்தத்துக்கும் அழுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இப்போது நீங்கள் எடுத்ததில், காது மெஷினின் சத்தத்தால் பாதிக் காது நிஜமாகவே போய்விட்டது என்கிறீர்கள். இருக்கலாம். நான் மட்டும் அன்றைக்கே பாட்டைக் குறைக்காமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.