மோதலுக்கு ஒரு ஜெபம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு நர்ஸம்மாவும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் கையில் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் மகளின் கடிதம்.

"ரெண்டு கிரகமும் நல்லா மோதணும்னு சர்ச்சுல ஜெபக்குறிப்பு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் நர்ஸம்மா.

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"பாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"என்னையே பாத்தாரு. நெசமா இல்ல ஐயா, எம்பொண்ணு கம்ப்யூட்டர்லதான் மோதவிட்டுப் பாக்குறான்னேன். அப்புறம் ஜெபிச்சாரு."

"மோதித் தெறிச்சதுல நிலா உண்டாச்சுன்னா, வேலை முடிஞ்சு ஊருக்கு வந்துருவாளாம்" என்றார் கணவர், கடிதத்தைப் பார்த்தபடி.

"இன்னும் உண்டாவலையா?"

"துண்டு துண்டா சுத்துதாம். ஒண்ணா சேர மாட்டேங்குதாம்."

நர்ஸம்மா கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம மாடிக்கு மேலதான் நிலா ஒண்ணு வருதே. அது போதும், வந்துடுன்னு எழுதுங்க."

"போன லெட்டர்லயே எழுதிட்டேன்" என்றார் கணவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.