அசையாத அரைநிலவு

முழுநிலவைப் படமெடுக்கிறவனுக்குப் படமெடுக்கவே தெரியாது சார். அரைநிலவுதான் வேண்டும். வெயிலும் நிழலும் சேரும் ஓரத்தில்தான் அங்குள்ள பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு, கொள்ளேகாலில் இருந்தபோதே எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு. அப்புறம் மைசூர், ஹெப்பாள் ஃபேக்டரி, ஷிப்டு, குடும்பம் என்று காலம் போய்விட்டது. டெலஸ்கோப் பரணில் கிடந்தது. ரிட்டையர் ஆனதும் இறக்கித் துடைத்தேன். இதில் என்ன தப்பு?

என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அறைக்கு நேர் மேலேதான் நான் டெலஸ்கோப் வைக்கிற மொட்டைமாடி. மெஷின் ஓடினால் தளம் அதிரும். நமக்குத் தெரியாது, டெலஸ்கோப்புக்குத் தெரியும். எடுத்த படமெல்லாம் கலங்கியே வந்தது. கட்டிலை ஹாலுக்கு மாற்றலாம் என்றேன். ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். யார் மேல் தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. விழுந்தடித்துக் கீழே ஓடி, அவளுக்கு சிலிண்டரை மாட்டிவிட்டு மேலே வந்தேன். நிலா ஆணி அடித்ததுபோல் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த அரைநிலவுக்குக் காத்திருந்தேன். மழைக்காலம், மேகம் விலகியதே பெரிய விஷயம். மாடிக்குக் கிளம்பியபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெலா நாளைக்கும் வருமுங்க. இன்னைக்கு எங்கூட இருங்களேன்."

வரும். ஆனால் அந்த நிழல் நாளைக்கு அதே இடத்தில் விழாது. இதை அவளிடம் எத்தனை தடவைதான் சொல்வது? கையை விடுவித்துக்கொண்டு மெஷினை அணைத்தேன். சிலிண்டர் மூலையிலேயே இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நின்றால் அதற்குள் மேகம் மூடிவிடும்.

அப்பாவுக்கு மறதி, தெரியாமல் அணைத்துவிட்டார் என்று என் மகள் அஷ்வினி உங்களிடம் சொன்னாளாம். பாவம், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். எனக்கு மறதியெல்லாம் கிடையாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே போய்ப் பார்த்தால் நிலா இன்னும் லேசாக ஆடியது. கீழே அவள் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகக் கேட்டது. பட்டனில் விரலை வைத்தபடி, தட்டுவது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்ற பிறகுதான் படமெடுத்தேன்.