பந்தலின் அடியில் கிடக்கும் எழுநூற்று எண்பத்திரண்டாம் வில்லை

வெயிலுக்கு ஒதுங்குவோர் நடுவே, வெயில் விளையும் விதத்தை வினவிய வித்தகரே! கம்பம் பள்ளத்தாக்கின் களிமண்ணைக் கையிலெடுத்துக் கதிரவனின் கனலுக்கே கலம் செய்ய முனைந்த கருமவீரரே! எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பிலவேந்திரன் அவர்களே, வணக்கம்.

தங்கள் இருபத்தேழாண்டுப் பணியைப் போற்றவே இம்மடலை எழுதத் தொடங்கினோம். நேற்று மாலை வரை இது இனிய மடலாகத்தான் இருந்தது. இப்போது கோபத்தில் எழுதுகிறோம். காரணத்தைச் சபையறியச் சொல்லிவிடுகிறோம்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் தாங்கள் படித்தீர்கள்: சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஹீலியமாவதால்தான் அத்தனை வெப்பமும் பிறக்கிறது என்று. தாங்கள் சொல்லக் கேட்ட நாங்கள் வியந்துவிட்டு வீட்டுக்குப் போனோம். தாங்கள் மட்டும், "அந்தத் தீயை மூட்ட என்னைக்காவது ஆளு வருவாக. அதை எதுல வைப்பாக?" என்று கேட்டீர்கள். அன்றே மார்க்கையன்கோட்டைக் கண்மாய் மண்ணும், உமிச் சாம்பலும், வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லின் பொடியும் குழைத்து முதல் வில்லையைத் தட்டினீர்கள். செங்கல் சுடும் ஒச்சாண்டியின் காளவாசலில் சுட்டு, கொல்லன் உலையில் வெள்ளையாகப் பழுக்கவைத்து, தண்ணீரில் போட்டுப் பார்ப்பீர்கள். வெடித்துவிடும். சிரித்தவர்களிடம், "மண்ணு எங்கன தோக்குதுன்னு தெரிஞ்சாத்தானே, அடுத்து என்ன சேக்கலாம்னு தெரியும்" என்பீர்கள். ஆயிரத்து நாற்பத்தோரு வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய எண். எல்லாவற்றையும் பள்ளிக் கொட்டகையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தீர்கள்.

அவற்றுள் எழுநூற்று எண்பத்திரண்டு மட்டும் நாற்பது முறை பழுத்தும் வெடிக்கவில்லை. பெங்களூர்ப் பரிசோதனைச்சாலை ஒன்றுக்குத் தாங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதினோரு ஆண்டு கழித்துச் சென்ற மாதம் பதில் வந்தது: அந்த வில்லையை அனுப்புக என்று. திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக இருந்தீர்கள். செய்முறை தங்கள் நோட்டில் இருக்கிறது. நாற்பது முறை தீக்குளித்த வில்லை ஒன்றே ஒன்றுதான்.

நேற்றுச் சாரலில் பந்தல் போட்ட இடம் சேறாகிவிட்டது. தலைமை விருந்தினரின் கார் பதியக்கூடாதென்று நிர்வாகக் காரியதரிசி கொட்டகைச் சாவியைக் கேட்டார். எழுத்தர் வைகுண்டராஜ் கொடுத்தார். எதற்கென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மாலை வாங்கவும் மேடை சோடிக்கவும் அலைந்துகொண்டிருந்தோம். "ஓட்டாஞ்சில்லுதானே, அள்ளிக் கொட்டுங்க" என்றாராம் காரியதரிசி. தங்களைப் பாராட்டப் போட்ட பந்தலுக்குத் தங்கள் பதினேழு ஆண்டுகளையே தளமாக்கிவிட்டோம். தடுத்தவர் பள்ளியைப் பெருக்கும் சோணையம்மாள் ஒருவரே. "வாத்தியாரையா எண்ணு போட்டு வச்ச சாமானுல்ல, கேக்காம அள்ளுறீகளே" என்று குறுக்கே நின்றார். மடியில் முப்பத்தேழு வில்லைகளைக் காப்பாற்றினார்; அவற்றுள் எழுநூற்று எண்பத்திரண்டு இல்லை. பட்டம் பெற்ற நாங்கள் பூ கட்டிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருக்கிறது.

செய்தி அறிந்து தாங்கள் சொன்னது ஒன்றுதான்: "சரி, விடுங்க. வர்றவுக காலு சேறாகாம இருக்கும்ல." தங்கள் அறிவைப் பாராட்டுகிறோம், அயராமையைப் பாராட்டுகிறோம், ஐயா, இந்தப் பொறுமையைப் பாராட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஓட்டாஞ்சில்லு என்றவர் முன்வரிசையில் சந்தனம் பூசி அமர்ந்திருக்கையில், தாங்கள் ஏன் பொறுக்க வேண்டும்? தங்களுக்காக நாங்கள் கோபப்படுகிறோம், எங்கள் மீதும்தான்.

தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். உடல்நலத்தோடு வாழ வேண்டும். கலம் இன்னும் முடியவில்லை; அதை முடிக்கத் தங்கள் கையும் கண்ணும் வேண்டும். கொட்டகைச் சாவி இனித் தங்களிடமே இருக்கும். அதைக் கேட்டு வருபவர் எங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. அதற்குப் பதில் மண்வெட்டி நான்கும் சல்லடை இரண்டும் மேடைக்குப் பின்னே வைத்திருக்கிறோம். நாற்பது தீயைத் தாங்கியது நாற்காலிக் காலுக்கு உடைந்திருக்காது. ஆகவே, கைதட்டுவதற்காக அல்ல, நாற்காலிகளை எடுத்து ஓரமாக வைப்பதற்காகச் சபையோர் எழுந்திருக்க வேண்டுகிறோம். காரியதரிசி அவர்களின் நாற்காலிக்குக் கீழிருந்து தோண்டத் தொடங்குகிறோம்.

ஆனி மாதம், 1946

இங்ஙனம்,
சோணையம்மாள் (கைநாட்டு)
அவருக்குக் கீழே, பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்