முப்பது ரூம், நாலாயிரம் பெட்ஷீட்

இந்திராணி: உக்காரு முனிசாமிண்ணா. கேட்ல யாரு?

முனிசாமி: யாரும் இல்ல மேடம். வாட்ச்மேன் நான்தான் இங்க உக்காந்துகினு கீறனே.

இந்திராணி: சரி, சொல்லு. ஓட்டல் அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு நீ வரவே மாட்டியே...

முனிசாமி: என் பொண்ணு சந்தியாவுக்கு காலேஜ் ஃபீஸை இனிமே கவர்மெண்ட்டு கட்டாதாம். சச்சிவாலயத்துல, அதான் நம்ம வார்டு ஆபீசுல, சொல்லிட்டாங்க. நைனா இன்கம்டாக்ஸ் கட்றாராம்.

இந்திராணி: எந்த நைனா?

முனிசாமி: நான்தான். சித்தூர்ல ஒரு சலவை கம்பெனிக்கு டைரக்டராம்.

இந்திராணி: ...சந்தோஷம்.

முனிசாமி: மாசம் ஒரு லட்சம் சம்பளமாம். நீங்க குடுக்கறது பன்னெண்டாயிரம்.

இந்திராணி: அது காகிதத்துல அண்ணா. ஓட்டல் லாபத்தை சலவைக் கூலின்னு சித்தூருக்குத் தள்ளிட்டா, இங்க வரி இல்ல. அங்க சம்பளம் கிம்பளம்னு கரைஞ்சிடும். ரெண்டும் நம்ம முதலாளிதுதான்.

முனிசாமி: ஒரு நாளைக்கு எத்தினி பெட்ஷீட்டு துவைக்கிறேன்?

இந்திராணி: கணக்குல நாலாயிரம்.

முனிசாமி: ரூம் முப்பதுதானே...

இந்திராணி: பக்தருங்க கால்ல மண்ணு ஜாஸ்தி.

முனிசாமி: வேண்டுதல்காரங்க கட்டில்லயே படுக்கறதில்ல. பாய் கேக்கறாங்க. நான்தான் தூக்கிக்கினு போறேன்.

இந்திராணி: அதை வெளியில சொல்லிக்கினு இருக்காதே.

முனிசாமி: தரிசன டிக்கெட்டுக்குன்னுதானே ஆதாரும் கையெழுத்தும் வாங்கினீங்க?

இந்திராணி: தரிசனம் ஆச்சா இல்லியா?

முனிசாமி: நல்லா ஆச்சி. லட்டு கூட வந்துச்சி.

இந்திராணி: அப்புறம் என்ன? ஒரு மாசம் பொறு, பேரை மாத்திடறேன்.

முனிசாமி: திங்கக்கிழமை ஹால்டிக்கெட்டு மேடம். ஃபீஸ் கட்டலன்னா பரீட்சை இல்லயாம். பொண்ணு ரெண்டு நாளா துன்னல.

இந்திராணி: ...அண்ணா.

முனிசாமி: சொல்லுங்க.

இந்திராணி: மொதல்ல அந்த டைரக்டர் பாரத்துல என் பேர்தான் இருந்தது. என் பையன் கோபிக்கும் கவர்மெண்ட்தான் ஃபீஸ் கட்டுது... பயந்துட்டேன். நானே அடிச்சிட்டு உன் பேர போட்டேன்.

முனிசாமி: தெரியும்.

இந்திராணி: எப்படி?

முனிசாமி: காலையில இன்கம்டாக்ஸ் ஆபீசுல பழைய பாரத்தை காட்டினாங்க. டைரக்டர் ஆச்சே, எழுதிக் குடுத்துட்டேன். ஒரு பெட்ஷீட்டு கூட துவைக்கல, வருமானம் பூரா ஓட்டலுதுன்னு. பேரை மாத்தினது யாருன்னு ஆபீசரு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்.

இந்திராணி: ...கேக்கும்போது இதே மூஞ்சியா வெச்சிருந்த?

முனிசாமி: ஆமா மேடம். ஆனா ஒண்ணு, கேட்ல யாரும் இல்லன்னு சொன்னேனே, அது பொய்யி. ஆபீசரு கார்லயே உக்காந்துகினு கீறாரு. நீங்களே வந்து சொல்லிடுங்க.