எப்ப எண்ணினாலும் ரெண்டு பேரு

அந்த ரூமில் பேய் இருக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய லோக்கல் ரயில். எதிர் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“ரூம்ல மூணு பேரு இருக்கோம். ஆனா ஓனரு எப்ப வந்து எண்ணினாலும் ரெண்டு பேருக்கு மேல இருக்க மாட்டோம்டி.”

அவள் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பட்டது. இருந்தாலும் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

“அது எப்படிடி?” என்றாள் தோழி.

“மத்த ரெண்டு பேரும் கம்பெனி அக்காங்க. ஒருத்தங்க பகல் ஷிப்ட்டு, ஒருத்தங்க நைட் ஷிப்ட்டு. பகல்ல நான் காலேஜ்ல இருப்பேன். மூணாவது ஆளப் பாத்தா ரூம காலி பண்ணணும்னு சொல்லிக்கீறாரு. பாக்கட்டுமே!”

“ஞாயித்துக்கெழம மூணு பேருக்குமே லீவாச்சே, இன்னா பண்ணுவ?”

“அதான் அந்தாளு கரெக்டா இன்னிக்கி வர்றாரு. நா இன்னா லூசா? கவரைப்பேட்ட பேக்கரில ஞாயிறு மட்டும் வேலைக்கு சேந்துட்டேன்.”

“சம்பளம் இன்னா?”

“கேக்கவே இல்லடி. எத்தினி மணி வரைக்கும்னுதான் கேட்டேன். இருட்டுற வரைக்குமாம். போதும், இருட்டுனா அந்தாளு வர மாட்டாரு.”

அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கம்பெனி அக்காவின் குரல்: “வந்து எண்ணினு போய்ட்டாரு. கட்டிலுக்கு அடியிலகூட டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அடுத்த வாரமும் வர்றாராம்.”

“வரட்டும்க்கா. டார்ச்சுக்கு புது பேட்டரி போட்டுக்கினு வரச் சொல்லு.”

கவரைப்பேட்டை வந்தது. பேய் பையை மாட்டிக்கொண்டு இறங்கி, பேக்கரி வேலைக்குப் போனது.